ஒட்டாத கவர்

காலடிப்பேட்டை,
12.11.2023

அன்புள்ள அம்மாவுக்கு ஹெப்சிபா எழுதிக்கொள்வது. நானும் அவரும் பாப்பா ஜெசிந்தாவும் சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது? போன வெள்ளிக்கிழமை போனில் கேட்டேன். நீ ஒன்றுமில்லை, பாப்பாவைக் காட்டு என்று சொல்லிவிட்டாய். பாப்பாவைக் காட்டினால் உனக்குக் கொடுக்கிற பத்து நிமிஷமும் முடிந்துபோகிறது. உன் மேடம் போனைத் திருப்பிக் கேட்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. அதனால்தான் இந்தக் காலத்திலும் காயிதம் எழுதுகிறேன். வேலை செய்கிற இடத்தில் சிரிக்கிறார்கள்.

வேலை அதேதான். கன்டெய்னர் யார்டு வாசலில் கூண்டு மாதிரி ஒரு ரூம், அதில் உட்கார்ந்து லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதுகிறேன். எட்டு மணி நேரத்துக்கு இருநூறு லாரி, இருநூறு ஹாரன். அவர் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். கேட்டில் வரிசை நின்றால் ரெண்டு நாள் வீட்டுக்கு வருவதில்லை. பாப்பாவைப் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் அக்கா பார்த்துக்கொள்கிறார். பாப்பா தூங்கின பிறகு வருகிறேன், எழுந்திருக்கிறதுக்கு முன்னால் போகிறேன். சில வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கிறேன்.

இதைக் குருவி ஜார்ஜ் அண்ணன் கொண்டுவருகிறார். பர்மா பஜாருக்குச் சரக்கு எடுக்க மாசாமாசம் துபாய்க்குப் பறக்கிறாரே, அவரேதான். வழக்கம்போல உனக்கு நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ வைத்திருக்கிறேன். எண்ணூர் தாயம்மாவிடம் வாங்கினது. ஐந்து கவர் போட்டுச் சுற்றியும் ஜார்ஜ் அண்ணன் முகத்தைச் சுளிக்கிறார்.

நீ அனுப்பிய பால் பவுடர் தீர்ந்தது. பாப்பாவுக்கு அது இல்லாமல் ஆகாது.

அம்மா, வருகிற ஜூனில் உன் விசா முடிகிறதே. என்ன நினைத்திருக்கிறாய்? நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வந்தாலும் சரி, இருந்தாலும் சரி. உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் மகள்,
ஹெப்சிபா

*

இயேசு மரி சூசை

ஷார்ஜா,
3.12.2023

என் மகள் ஹெப்சிபாவுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாப்பிள்ளையையும் பாப்பாவையும் விசாரித்ததாகச் சொல். நான் சுகமாக இருக்கிறேன். முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது.

கருவாடு வந்தது. அன்றைக்கே வறுத்து, இங்கே இருக்கிற பெண்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஆளாளுக்கு உன்னைப் புகழ்ந்தார்கள்.

பெரிய மேடம் இப்போது படுக்கையிலேயே இருக்கிறார்கள். தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். என்னைத் தன் மகள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நானும் ஏன் என்கிறேன்.

கவரை ஒட்டப் போனேன். ஜார்ஜ், "ஒட்டாதக்கா, ஏர்போர்ட்ல கேப்பான், பேஜாரு" என்கிறான். பத்தொன்பது வருஷமாக எல்லாரும் இதையே சொல்கிறார்கள். ஏர்போர்ட்டில் எவன் கேட்டானோ தெரியாது. உங்கள் தெருவில் உன் கைக்கு வருவதற்கு முன்னால் நாலு பேர் படித்துவிடுகிறார்கள். போன தடவை என் முட்டியைப் பற்றி ராயபுரத்தில் யாரோ விசாரித்ததாக நீயே எழுதினாய்.

ஜூன் சங்கதி கேட்டிருக்கிறாய். வந்தாலும் சரி இருந்தாலும் சரி என்று. பஸ் கண்டக்டர்கூட இப்படிக் கேட்க மாட்டான். அதற்கு நிறைய யோசித்துத்தான் சொல்ல வேண்டும், இதில் எழுத முடியாது.

கப்பலில் பெட்டி போட்டிருக்கிறேன். ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். போர்வை, சோப்பு, மாப்பிள்ளைக்குத் தைலம், ஒரு பெரிய டின் பால் பவுடர். அந்த டின்னை நீயே திற. வேறு யார் கையிலும் கொடுக்காதே. அவசரப்படாமல் அடிவரைக்கும் எடு. எடுத்த பிறகு எனக்குப் பதில் எழுது. இதை மறக்காதே.

மாதாவின் காவல் உங்கள் மூவருக்கும் இருக்கட்டும்.
அம்மா,
அடைக்கலமேரி

*

காலடிப்பேட்டை,
21.1.2024

அம்மாவுக்கு ஹெப்சிபா எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்துக்கு எழுது.

புயல் செய்தி டிவியில் பார்த்திருப்பாய். மூன்று நாள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தேன். பாப்பாவுக்கு ஒரே குஷி, கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்தது என்று பார்த்தால் எண்ணூர் ஆறு முழுக்க வெள்ளத்தோடு வந்த கம்பெனி எண்ணெய். படகு, வலை, ஆட்களுடைய கால் எல்லாம் கறுப்பு. தாயம்மாவின் தம்பி மக்கில் மொண்டு மொண்டு எண்ணெயை எடுக்கிறார். ஒரு மாசத்துக்கு மேல் ஆகியும் அந்த நாற்றம் என் யார்டு வரைக்கும் வருகிறது.

பெட்டி நல்லபடி வந்தது. டின்னைத் திறந்தேன். பால் ரொம்ப ருசி. நீ சொன்ன மாதிரி அடிவரைக்கும் எடுத்தாயிற்று. பாப்பா ஸ்பூனால் சுரண்டிச் சுரண்டித் தின்கிறாள்.

அம்மா, இந்தத் தடவை கருவாடு அனுப்பவில்லை. தாயம்மாவிடம் கேட்கப் போனேன். "என் வூட்டு அடுப்புலயே நான் வெக்கல, ஒங்கம்மாவுக்கு இன்னாத்துக்கு அனுப்புற?" என்று சொல்லிவிட்டார். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அங்கே யார் பார்ப்பார்கள்? அதனால் பருப்புப் பொடியும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஜூன் விஷயம் உன் இஷ்டம்தான் அம்மா. எங்களுக்காக யோசிக்காதே. உனக்கு எது சௌகரியமோ அதைச் செய்.

முட்டிக்குத் தைலம் போட்டுக்கொள்.
உன் மகள்,
ஹெப்சிபா

*

இயேசு மரி சூசை

ஷார்ஜா,
10.3.2024

மகள் ஹெப்சிபாவுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகம்.

பதில் எழுத நாளாகிவிட்டது. போன மாசம் ஜார்ஜ் வந்தான். கடுதாசி இல்லையாக்கா என்று கேட்டான். எழுதவில்லை என்று அனுப்பிவிட்டேன்.

பொடியும் ஊறுகாயும் வந்தன. கருவாடு ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் நன்றாகவே எழுதியிருக்கிறாய். எண்ணெயாம், ஆறாம். உனக்குச் சின்ன வயசிலிருந்தே யாரையும் நோகடிக்கத் தெரியாது. எனக்குப் புரிந்துவிட்டது. தப்பாக நினைக்கவில்லை. உன் நிலைமையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சின்ன மேடத்திடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

பாப்பாவுக்கு முத்தம்.
அம்மா,
அடைக்கலமேரி

*

காலடிப்பேட்டை,
14.4.2024

அம்மாவுக்கு ஹெப்சிபா எழுதுவது. எல்லாரும் நலம். உன் நலத்தை விசாரிக்கிறோம். ஈஸ்டர் நல்லபடியாக முடிந்தது.

எண்ணெயாம் இல்லை அம்மா, எண்ணெய்தான். நான் பொய்யா எழுதுவேன்? எதைப் புரிந்துகொண்டாய் என்று எனக்குத்தான் புரியவில்லை. போனில் கேட்கலாம் என்றால் அதற்குள் மேடம் வந்துவிட்டார்கள்.

ரெண்டு வருஷம் என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். "அத்தைக்கு அங்க பழகிப் போச்சு" என்றார். இருக்கும். இங்கே இருந்ததைவிட அங்கே இருந்த வருஷம்தானே உனக்கு நினைவில் நிற்கும். என் கல்யாணத்துக்கு நீ வந்த பதினைந்து நாளில் நாலு தடவை வீட்டுக்கு வழி கேட்டாய்.

பாப்பாதான் ஜூன் ஜூன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். குழந்தைதானே, மறந்துவிடுவாள்.

ஆவுடையம்மாள் அக்கா பள்ளி திறக்கிறதுக்குள் பொன்னேரிக்கு மகன் வீட்டோடு போகிறார். வேறு ஆள் பார்க்க வேண்டும். பார்க்கிறேன். நீ இதற்கெல்லாம் கவலைப்படாதே.

மெழுகுவர்த்தி ஏற்றும்போது உனக்கும் ஒன்று ஏற்றினேன்.
ஹெப்சிபா

*

இயேசு மரி சூசை

ஷார்ஜா,
16.6.2024

மகளுக்கு அம்மா எழுதுவது. உங்கள் மூவர் சுகத்தையும் கர்த்தர் காப்பாராக. இங்கே வெயில் கொளுத்துகிறது. வீட்டுக்குள் குளிர், வாசலில் நெருப்பு.

பன்னிரண்டாம் தேதி கையெழுத்துப் போட்டேன். மேடமே பேனா கொடுத்தார்கள். ரெண்டு வருஷம். ஐம்பத்து நாலு வயசில் வருவேன், அதுவரைக்கும் நடமாட்டம் இருந்தால்.

பாப்பா ஜூன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எழுதினாய். அந்த வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். வீட்டில் ஒருத்தியாவது கேட்டாளே, அது போதும்.

பிள்ளையைப் பார்க்க நல்ல ஆளாக வை. அழுதால் அடிக்கிற ஆள் வேண்டாம்.

இன்னொரு டின் அனுப்புகிறேன். இதை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.
அம்மா

*

காலடிப்பேட்டை,
14.7.2024

அம்மாவுக்கு, நலம். நலமறிய ஆவல்.

நீ டின் அனுப்ப வேண்டாம், எதுவும் அனுப்ப வேண்டாம்.

ஆள் கிடைக்கவில்லை. ஒருத்தி வந்து நாலு நாளில் நின்றுவிட்டாள். பாப்பாவை யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மேசைக்கு அடியில் உட்கார வைத்தேன். அன்றைக்கு மதியம் திரும்பிப் பார்த்தால் காணோம். டிரெய்லர் சக்கரத்துக்கு ஓரமாகக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் வண்டியை எடுக்கிறதுக்கு முன்னால் கீழே குனிந்து பார்த்தார், இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். சூப்பர்வைசர் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் மேல் தப்பில்லை.

வீட்டுக்காரர் ஒருத்தர் சம்பாத்தியத்தில் ஆகாது. அதனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மண்ணடியில் ஒரு ஏஜென்ட்டிடம் பேசிவிட்டேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. மஸ்கட்டில் ஒரு வீடு, ரெண்டு பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. அக்டோபரில் போகலாம் என்கிறார்கள். பாப்பாவைப் பழவேற்காட்டில் அவர் அக்கா வீட்டில் விடுகிறோம். அவளுக்கு ஐந்து வயசு ஆகிறது. நீ என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுப் போனபோது எனக்கு ஒன்பது. நான் என்ன செத்தா போனேன்?

அங்கே புதுசாகப் போகிறவளுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று எழுது. எனக்குச் சொல்லிக்கொடுக்க உன்னைவிட வேறு யார் இருக்கிறார்கள்.
ஹெப்சிபா

*

ஷார்ஜா,
21.7.2024

ஹெப்சிபா,

சுகம் விசாரிக்க இப்போது எனக்கு வாய் வரவில்லை. ஜார்ஜைக் கீழே வாட்ச்மேன் ரூமில் உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன். தெருவே படிக்கட்டும்.

புத்தி இருக்கிறதா உனக்கு? புதுசாகப் போகிறவளுக்கு என்ன தெரிய வேண்டும் என்றா கேட்கிறாய்? சொல்கிறேன். ஊரான் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது தன் பிள்ளை சாப்பிட்டதா என்று நினைக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். அது எனக்கு இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. நீயா கற்றுக்கொள்ளப் போகிறாய்?

நான் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பேனே. வரட்டுமா என்று கேட்டேனே. டின்னுக்குள் காயிதம் வைத்து அவ்வளவு கெஞ்சி எழுதினேன். அடிவரைக்கும் எடுத்தேன் என்று எழுதிவிட்டு, வேண்டாம் என்று பதிலும் அனுப்பினாய். சரி, வேண்டாம் என்றால் வேண்டாம், நான் வாயைத் திறந்தேனா? என்னை வராதே என்றவள், இப்போது பிள்ளையைப் போட்டுவிட்டு நீயே கிளம்புகிறாய் என்றால் என்ன அர்த்தம்? நான் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காக அந்தக் குழந்தை ஏன் தாய் இல்லாமல் கிடக்க வேண்டும்?

பாஸ்போர்ட்டை நிறுத்து. நான் வர மாட்டேன், உனக்கு பயம் வேண்டாம். ஆனால் நீ போகாதே.

அம்மா

*

டின்னில் இருந்த கடிதம்

இயேசு மரி சூசை

ஷார்ஜா,
2.12.2023

என் கண்ணு ஹெப்சிக்கு,

டின் மேல் இருக்கிற வெள்ளித்தாளை நகத்தால் ஓரமாகத் தூக்கி, இதை பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே செருகி, மறுபடியும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். திருட்டுத்தனம் என்று சிரிக்காதே. ஒட்டின கடுதாசியை எவனும் எடுத்துப்போக மாட்டேன் என்கிறானே, நான் என்ன செய்ய?

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இங்கே யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கண்ணு, களைப்பு மட்டும்தான். படி ஏறும்போது காலைக் கையால் தூக்கி வைக்கிறேன். போன வாரம் பெரிய மேடத்தைத் தூக்கினபோது ரெண்டு பேரும் விழுந்தோம். அவர்கள் என்மேல் விழுந்ததால் அவர்களுக்கு அடி இல்லை.

ஜூனில் ஒரேயடியாக வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். போனில் கேட்டால் நீ வா என்றுதான் சொல்வாய். பெற்றவள் கேட்டால் எந்த வாயும் அப்படித்தான் சொல்லும். நாலு பேர் படிக்கிற காயிதத்திலும் அதையேதான் எழுதுவாய். எனக்கு அந்த வா வேண்டாம். உங்களுக்கு இருப்பது ஒரே ரூம். மாப்பிள்ளை ரெண்டு நாள் வண்டி ஓட்டிவிட்டு வந்து படுக்க இடம் வேண்டும். நான் எங்கே படுப்பேன்? அதுவும் இல்லாமல், சின்னப் பிள்ளையாக இருந்தபோது விட்டுவிட்டுப் போனவள், உடம்பு ஓய்ந்ததும் வந்து உட்காருகிறாள் என்று உனக்குத் தோன்றினால், அது நியாயம்தான். நான் சண்டை போட மாட்டேன்.

அதனால் வாயால் எதுவும் சொல்லாதே. எப்போதும் ஜார்ஜிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுகிறாய் இல்லையா, வழக்கம்போலக் கொடுத்தால் நான் வருகிறேன். வேண்டாம் என்றால் மட்டும் கருவாட்டை நிறுத்திவிடு. வேறு எதையாவது அனுப்பு. நான் புரிந்துகொள்வேன். அதைப் பற்றி அப்புறம் ஒரு நாளும் கேட்க மாட்டேன்.

பார், எனக்குச் சாதகமாகத்தான் வைத்திருக்கிறேன். நீ ஒன்றும் புதுசாகச் செய்ய வேண்டாம். எப்போதும் செய்கிறதைச் செய்தால் போதும், நான் வந்துவிடுவேன்.

பாப்பாவுக்குப் பால் கலக்கும்போது கட்டி தட்டாமல் கலக்கு.
அம்மா

*

காலடிப்பேட்டை,
25.8.2024

அம்மா,

இந்தக் கவரை ஒட்டித்தான் கொடுக்கிறேன். ஜார்ஜ் அண்ணன் முடியாது என்றார். "ஏர்போர்ட்ல கேட்டா, அவ அம்மாவுக்கு எழுதிக்கீறா, நீயே படிச்சிக்கோன்னு சொல்லு" என்றேன். வாங்கிக்கொண்டார்.

உன் கடிதம் ஐந்து நாளைக்கு முன்னால்தான் என் கைக்கு வந்தது. டிசம்பரில் நீ எழுதினது.

அம்மா, முதல் டின்னைத் தவிர நான் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. பாப்பா பிறந்ததிலிருந்து நீ அனுப்பின மற்ற எல்லா டின்னையும் பர்மா பஜாரில் ராசையா கடையில் விற்றேன். முதல் டின் பாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று நாள் பேதி. உன்னிடம் சொன்னால் உன் மனசு கஷ்டப்படும் என்று நல்ல ருசி என்று எழுதினேன். அப்புறம் அதையே எழுதிப் பழகிவிட்டது. இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பவுடர் வாசனை எனக்கு ஆகாது. நீ போன பிறகு பெரியம்மா தினமும் அதைத்தான் கலக்கிக் கொடுப்பார். "ஒங்கம்மா அனுப்பிச்சது, குடி" என்பார். எனக்கு டின் வேண்டாம், நீதான் வேண்டும் என்று ஒரு நாள் டம்ளரை வீசினேன், முதுகில் ஒன்று விழுந்தது.

உன் ஜூலைக் காயிதத்தைப் படித்த அன்றைக்கே ராசையா கடைக்கு ஓடினேன். கடை பூட்டியிருந்தது, மகளுக்குப் பிரசவம் என்றார்கள். மூன்று தடவை போனேன். நாலாவது தடவை திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ராசையா, "இன்னாமா, டப்பாவுல காயிதம் வெச்சி விக்கிற? வாங்கிகினு போன டீக்கடைக்காரரு கொண்டாந்து மூஞ்சில கடாசிட்டாரு" என்று திட்டினார். இத்தனை மாசம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஜனவரியில் டின்னை விற்ற பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை, யாரிடம் சொல்வார்? கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக்கோடு பத்திரமாக வைத்திருந்தார். அம்மா எழுதின மாதிரி தெரிந்தது, குப்பையில் போட மனசு வரவில்லை என்றார். அங்கேயே நின்று படித்தேன். படித்துவிட்டு அவர் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ராசையா சோடா வாங்கிக் கொடுத்தார்.

அம்மா, எண்ணெய் நிஜம். ஆறு நிஜம். உனக்கு வயிற்றுக்கு ஏதாவது வந்துவிடக்கூடாது என்று பயந்து நிறுத்தினேன். சத்தியமாக அவ்வளவுதான். உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று நான் எழுதினதெல்லாம், நீயாக வருகிறேன் என்று சொல்ல மாட்டாயா என்றுதான். வா என்று ஒன்பது வயசில் எத்தனையோ தடவை கேட்டேன். அப்போது வரவில்லை. மறுபடியும் கேட்டு நீ வராமல் போனால் என்னால் தாங்க முடியாது என்று கேட்காமல் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை போனில் இதைச் சொல்லத்தான் வந்தேன். உன் குரல் கேட்டதும் அழுகைதான் வந்தது. நீ சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாய்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஏஜென்ட்டிடம் வரவில்லை என்று சொல்லியாயிற்று. பீரோவைச் சுவரிலிருந்து அடுப்பு ரூம் பக்கம் தள்ளியிருக்கிறோம். நானும் அவரும் தள்ளினோம். அந்த இடத்தில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். நானே படுத்துப் பார்த்தேன். உனக்கு என்னைவிட உயரம் கம்மி.

இதோடு நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ வைத்திருக்கிறேன். தாயம்மா தன் கையால் பொறுக்கிக் கொடுத்தார், இப்போது நல்ல சரக்கு வருகிறதாம். அவர் வீட்டில் சாப்பிடுகிறார்கள், நானும் வறுத்துப் பார்த்துவிட்டேன்.

வா அம்மா.
ஹெப்சி

*

இயேசு மரி சூசை

ஷார்ஜா,
29.9.2024

என் கண்ணு ஹெப்சிக்கும், மாப்பிள்ளைக்கும், பாப்பாவுக்கும் அம்மா ஆசீர்வாதம். நான் சுகம். நிஜமாகவே கொஞ்சம் சுகம்.

டின் விஷயத்துக்கு நான் கோபப்படவில்லை. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நீ இத்தனை வருஷம் அனுப்பின கருவாட்டை நான் ஒரு தடவைகூட வறுத்ததில்லை. இந்த வீட்டில் ஜன்னலே திறப்பதில்லை, எல்லாம் ஏசி. கருவாடு வறுத்தால் சோபா, துணி, திரைச்சீலை எல்லாம் நாறும் என்று வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். நாலைந்து நாள் என் துணிப்பெட்டிக்குள் வைத்திருப்பேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நம்ம வீட்டு வாசனை வரும். அப்புறம் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். பெண்களுக்கெல்லாம் கொடுத்தேன், புகழ்ந்தார்கள் என்று எழுதினது கட்டுக்கதை. உன் நெத்திலியை நன்றாகத் தின்றவன் அந்த வாட்ச்மேன் ஒருத்தன்தான்.

இந்தத் தடவை பொட்டலத்தைப் பார்த்தேன், உன் காயிதத்தைப் படித்தேன். நேராக அடுப்படிக்குப் போனேன். வாணலி வைத்தேன், எண்ணெய் ஊற்றினேன், ரெண்டு பிடி எடுத்துப் போட்டேன். புகை எழும்பி மாடி வரைக்கும் போயிற்று. சின்ன மேடம் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். என்ன செத்துப்போயிற்று என்று கேட்டார்கள். நான் அடுப்பை நிறுத்தவில்லை. அவர்கள் பாஷையில்தான் சொன்னேன், நீ நம்ம பாஷையில் படித்துக்கொள். "நான் ஊருக்குப் போறேன் மேடம். எம்மவ கூப்புட்டா" என்றேன்.

கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்றார்கள். போட்டேன் என்றேன். கத்தினார்கள், அப்புறம் அழுதார்கள், அப்புறம் பெரிய மேடத்தை யார் தூக்குவார்கள் என்று கேட்டார்கள். அந்தம்மா பாவம், மேலே படுத்துக்கொண்டு மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு போய் ஏன் என்றேன்.

ரெண்டு நாள் கழித்து மேடம் சம்மதித்தார்கள். ஆனால் புது ஆள் வந்து வேலை பழகின பிறகுதான் டிக்கெட். எங்கேயோ இருந்து ஒரு பெண்ணை வரவழைக்கிறார்களாம். அவளுக்கும் கைக்குழந்தை இருக்கிறதாம். கிறிஸ்துமஸுக்கு வருவேனா, ஈஸ்டருக்கா என்று எனக்கே தெரியாது. பாப்பாவிடம் மாசம் எதுவும் சொல்லாதே.

அன்றைக்கு வறுத்ததை வாட்ச்மேனுக்குக் கொடுக்கவில்லை. நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல், தாயம்மாவிடம் சொல்.

இனிமேல் டின் வராது. பாப்பாவுக்குப் பாக்கெட் பால் வாங்கிக் கொடு. நான் வர நாளாகும் கண்ணு. நாளாகிறதே என்று அந்த பீரோவை மறுபடியும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடாதே.

அம்மா